மலையில் மாலை மாற்றலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மண்டபம் வேண்டாம், நாலு பந்திச் சாப்பாடு வேண்டாம், மலையிலோ கடற்கரையிலோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு திருமணத்தை முடித்துக்கொள்ள விரும்புகிறோம் என்று எழுதும் வாசகர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். கல்யாண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவர்கள் இதை ‘எலோப்மென்ட்’ என்றே அழைக்கிறார்கள். ‘ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள்’ என்று நாம் சொல்லும்போது அதில் ஒட்டியிருக்கும் பழி அந்தச் சொல்லில் இல்லை என்பது அவர்களுக்கு வசதி. சங்க அகப்பாடல்களில் தலைவி தலைவனோடு வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கு உடன்போக்கு என்று பெயர். அது பாலை நிலத்தில், சுடும் வெயிலிலும் கள்வர் பயத்திலும் நடக்கும். காதலர் கூடும் நிலம் குறிஞ்சி. இன்றைய கடிதங்களைப் படித்தால், குறிஞ்சியிலேயே உடன்போக்கையும் நடத்தித் தரச் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. நடத்தலாம். ஆனால் அதற்குச் சில ஏற்பாடுகள் உண்டு.

கேள்வி: நாங்கள் இருவரும் இந்துக்கள்; மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறோம். இரு வீட்டாருக்கும் சம்மதம். கொடைக்கானல் பக்கம் ஒரு மலைச்சரிவில் புரோகிதரும் ஹோமமும் இல்லாமல், நாங்கள் இருவர் மட்டும் மாலை மாற்றிக்கொண்டால் அந்தத் திருமணம் சட்டப்படி செல்லுமா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: இருவர் மட்டும் என்றால் செல்லாது, கூடவே சிலர் நின்றால் செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 1967-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவுதான் உங்களுக்கு உதவக்கூடியது. சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சீர்திருத்தத் திருமணங்களுக்கும் சட்ட ஏற்பு அளிப்பதற்காக அது வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிற நபர்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக இருவருக்கும் புரியும் ஒரு மொழியில் சொல்லலாம், மாலை மாற்றிக்கொள்ளலாம் அல்லது மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். புரோகிதரோ தீயோ ஏழடி எடுத்துவைக்கும் சடங்கோ தேவையில்லை. சட்டம் வலியுறுத்துவது ‘முன்னிலையில்’ என்ற ஒரு சொல்லை. அதனால்தான் உங்கள் கற்பனையில் இருக்கும், பனிமூட்டத்துக்குள் இருவர் மட்டும் நிற்கும் காட்சியில் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்க்கச் சொல்கிறேன்.

இரகசியமாக, ஊரறியாமல் நடக்கும் இத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் கூறியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டு, 7-ஏ பிரிவின்படி நடக்கும் திருமணத்துக்கு ஊரைக் கூட்டி அறிவிக்கும் சடங்கு தேவையில்லை என்று தெளிவாக்கியது. எனவே மலைச்சரிவில் மூன்று பேர் பார்க்க மாலை மாற்றுவதும் மண்டபத்தில் மூவாயிரம் பேர் பார்க்க மாற்றுவதும் சட்டத்தின் முன் ஒன்றுதான். உங்களுடன் வரும் ஒளிப்படக்காரரும் ‘பிற நபர்’ என்ற சொல்லுக்குள் அடங்குவார் என்றாலும், பிற்காலத்தில் கடவுச்சீட்டு, காப்பீடு, சொத்து என்று எதற்காவது சாட்சி தேவைப்பட்டால் அவரை எங்கே போய்த் தேடுவீர்கள்? சாட்சிகள் உங்கள் வாழ்க்கையில் தொடர்ந்து இருக்கப்போகிறவர்களாக இருக்கட்டும்.

இதில் பலர் சறுக்கும் இடம் இரண்டு. ஒன்று, 7-ஏ பிரிவு தமிழ்நாடு சட்டமன்றம் செய்த திருத்தம். தேனியிலிருந்து மூணாறுக்குப் போகிறவர்கள் போடிமெட்டைத் தாண்டியதும் இந்தத் திருத்தம் அவர்களுக்குத் துணை வராது. கேரளத்திலோ குடகிலோ இந்து திருமணச் சட்டத்தின் பொது விதியே பொருந்தும். அங்கே மணமக்களில் ஒருவரின் சமூக வழக்கப்படியான சடங்குகள் நடந்திருக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத் தேயிலையும் இந்தப் பக்கத் தேயிலையும் ஒரே பச்சைதான், சட்டம் அப்படியில்லை. இரண்டு, முதலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மலையில் படம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. சடங்கு எதுவும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் பெற்றால் அது இந்து திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் கூறியிருக்கிறது. மலையில் மாலை மாற்றுவது முதலில், பதிவு அதற்குப் பிறகு என்பதே சரியான வரிசை.

பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி பதிவு கட்டாயம். திருமண நாளிலிருந்து 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. பதிவு அலுவலகங்களில் வழக்கமாக அழைப்பிதழும், கோயில் அல்லது மண்டப ரசீதும் கேட்பார்கள். மலைச்சரிவு ரசீது தராது. ஆகவே பத்துப் படிகளாவது அழைப்பிதழ் அச்சடித்து, அதில் தேதி, நேரம், இடத்தின் பெயர், அது அடங்கிய கிராமம், வட்டம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தங்கும் விடுதியின் ரசீதையும், சாட்சிகள் முகம் தெரியும் ஒரு படத்தையும் பத்திரப்படுத்துங்கள். மணமக்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்க்கும் படம் சுவருக்கு அழகாக இருக்கும். பதிவாளருக்கு முகங்கள் தெரியும் படம்தான் வேண்டும்.

கேள்வி: கொடைக்கானலிலோ மேகமலையிலோ ஆளரவமற்ற புல்வெளி ஒன்றில் திருமணம் செய்ய விரும்புகிறோம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: படங்களில் நீங்கள் பார்த்து மயங்கும் ஆளில்லாத புல்வெளிகளில் பெரும்பாலானவை ஆளில்லாமல் இருப்பதற்குக் காரணமே அவை வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதுதான். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். கொடைக்கானலைச் சுற்றிய காடுகளின் பெரும்பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமானது. மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்குகிறது. சரணாலயத்துக்குள் நுழைய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சுற்றுலா, ஆய்வு, ஒளிப்படம் போன்ற சில காரணங்களுக்கே அனுமதி தருகிறது. கல்யாணம் அந்தப் பட்டியலில் இல்லை. பேரிஜம் ஏரிக்குச் சுற்றுலாவாகப் போய்வரவே வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரை உறிஞ்சி வைத்து ஆறுகளுக்குத் தரும் நிலம் என்பதால், அங்கே மேடை போடக் கூடாது என்ற கெடுபிடியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

எனவே பட்டா நிலத்தைத் தேடுங்கள். தேயிலை, காப்பித் தோட்ட வீடுகள், பண்ணை விடுதிகள் ஆகியவற்றின் எல்லைக்குள் பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு திறந்த இடம் பெரும்பாலும் கிடைக்கும். உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கும்போது, அந்தக் காட்சிமுனை அவருடைய பட்டாவுக்குள்தான் இருக்கிறதா, அல்லது வேலிக்கு அப்பால் காப்புக்காட்டிலா என்று கேட்டுவிடுங்கள். ‘எங்கள் விருந்தினர் எல்லோரும் அங்கேதான் போவார்கள்’ என்பது பதிலாகாது. கோத்தகிரி, குன்னூர், ஏற்காடு, கொல்லிமலை, கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்கள் எல்லாம் இதற்கு ஏற்றவை. கொல்லிமலைக்கு ஏறச் சேர்ந்தாற்போல் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாட்டியைச் சாட்சியாக அழைத்துப் போவதாக இருந்தால், 20 வளைவுகளோடு முடியும் ஏற்காட்டை யோசியுங்கள். வால்பாறை அழகுதான், ஆனால் யானையும் சிறுத்தையும் தோட்டங்களுக்குள்ளேயே நடமாடும் ஊர் அது. விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் தோட்டப் பாதையில் நடக்கும் திட்டம் அங்கே வேண்டாம்.

தீ எந்த வடிவிலும் வேண்டாம். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. பிப்ரவரி முதல் காய்ந்து கிடக்கும் புல்லுக்கு ஓர் அகல்விளக்குச் சுடரே போதும். அக்கினி சாட்சி இல்லாத திருமணத்தைச் சட்டமே ஏற்கும்போது, மலைக்கும் அதுவே நல்லது.

அட்சதை தூவுவதையும் தவிர்க்கச் சொல்வேன். அரிசி சிந்திய இடத்துக்குக் குரங்குகள் மறுநாளும் வரும், பிறகு அங்கே வரும் மனிதர்களின் கைப்பையைப் பிடுங்கக் கற்றுக்கொள்ளும். மாலையை நைலான் நூலில் கோக்காமல் வாழைநாரில் கட்டித் தரச் சொல்லுங்கள். ஜரிகையும் பிளாஸ்டிக் மணியும் வேண்டாம். இறங்கும்போது மாலையும் உங்களோடு இறங்கட்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்ல 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் தேவை. சாட்சிகள் வரும் வண்டிக்கும் அது வேண்டும். மணமகன் மேலே காத்திருக்க, சாட்சிகள் சோதனைச்சாவடியில் நிற்கும் நிலை வர வேண்டாம்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? நேரம் எப்படிப் பார்ப்பது? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: முகூர்த்தத்தை உங்கள் குடும்ப ஜோதிடரிடம் கேளுங்கள், நான் மழையைப் பற்றிச் சொல்கிறேன். மேற்குச் சரிவில் இருக்கும் வால்பாறை, கூடலூர் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும், புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும். கிழக்கு பார்த்த குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் சரிவுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பது அந்தப் பருவத்தில் வழக்கமான செய்தி. ஏப்ரல், மே மாதங்களில் மலையில் மரங்களைவிட வாகனங்கள் அதிகம். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பொங்கல் கழிந்து பிப்ரவரி நடு வரை உள்ள நாட்கள். மார்கழி போய்த் தை பிறந்திருப்பதால் வீட்டுப் பெரியவர்களுக்கும் மறுப்பு இருக்காது. வார நாளாகப் பாருங்கள். குறிஞ்சி பூக்கும்போதுதான் கட்டிக்கொள்வோம் என்று ஓர் இணையர் எழுதியிருந்தார்கள். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. காத்திருக்கும் அந்தக் காதலை மதிக்கிறேன். ஆனால் அந்த ஆண்டு மலையில் தனிமை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

நேரம் என்றால் காலைதான். மலையில் நண்பகல் தாண்டினால் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவந்து, காட்சி முழுவதையும் பத்து நிமிடத்தில் மூடிவிடும். ஜனவரிக் கடைசியில் கொடைக்கானலில் சூரியன் உதிக்க 6.40 மணியை நெருங்கும். எதிரே மலைமுகடு இருந்தால் வெயில் உங்கள் மேல் விழ இன்னும் சற்று நேரமாகும். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் அதே நேரத்தில் அங்கே போய் நின்று பார்த்துவிடுவதைப் போன்ற ஏற்பாடு வேறில்லை. உதகையில் அந்த மாதத்தில் உறைபனி விழும் என்பதால் பட்டுப்புடவைக்கு மேல் கம்பளிச் சால்வை போர்த்திக்கொள்ள மணமகள் கூச்சப்படக் கூடாது.

கேள்வி: நான் கிறித்தவர், அவர் இந்து. மதம் மாற இருவருக்கும் விருப்பமில்லை. எங்களுக்கும் இப்படித் திறந்தவெளியில் திருமணம் அமையுமா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: அமையும். ஆனால் உங்களுக்கு 7-ஏ பொருந்தாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே வழி. உங்களில் ஒருவர் குறைந்தது 30 நாட்கள் வசித்திருக்கும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்படும். ஏற்கத்தக்க மறுப்பு எதுவும் வராவிட்டால் 30 நாட்கள் கழிந்த பிறகு, அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்க வேண்டும். மூன்று சாட்சிகள் தேவை.

பலருக்குத் தெரியாத ஒன்று அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. திருமணத்தை அலுவலகத்தில்தான் நடத்த வேண்டும் என்பதில்லை. கூடுதல் கட்டணம் செலுத்தி, அலுவலகத்திலிருந்து நியாயமான தொலைவுக்குள் நீங்கள் விரும்பும் இடத்திலும் நடத்தலாம். நியாயமான தொலைவு என்பதை எந்த அலுவலரும் கொல்லிமலையின் எழுபதாவது வளைவு என்று புரிந்துகொள்ள மாட்டார். ஆகவே நாகர்கோவிலிலேயே அறிவிப்புக் கொடுத்து, அருகிலுள்ள ஒரு கடலோரத் தோட்டத்தையோ மலையடிவாரப் பண்ணையையோ தேர்ந்தெடுத்து, அலுவலரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர் வர இயலாது என்றால் மனம் தளர வேண்டாம். காலையில் அலுவலகத்தில் சட்டப்படியான திருமணம், மாலையில் கடற்கரையில் மோதிரம் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே முதல் கேள்வியில் சொன்ன வரிசை உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் இந்தச் சட்டத்தில் அலுவலர் முன் சொல்லும் உறுதிமொழியே திருமணம்.

கேள்வி: எங்கள் வீட்டில் கடும் எதிர்ப்பு. சாதி வேறு. யாருக்கும் தெரியாத ஒரு காட்டுப் பகுதிக்குப் போய்த் தாலி கட்டிக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: தயவுசெய்து போகாதீர்கள். வீட்டார் சம்மதத்தோடு போகிறவர்களுக்கு ஆளில்லாத இடம் அழகு. உங்களுக்கு அது ஆபத்து. அங்கே கைபேசிச் சமிக்ஞை இருக்காது, கூப்பிட்டால் கேட்க ஆளிருக்காது, போகவும் வரவும் ஒரே பாதைதான் இருக்கும்.

நீங்கள் 21-ம் அவர் 18-ம் நிறைந்தவர்கள் என்றால், துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது என்பதில் உச்ச நீதிமன்றத்துக்கு ஐயமே இல்லை. 2018-இல் அளித்த தீர்ப்பில், மிரட்டலுக்கு ஆளாகும் இணையர்களுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் உதவி எண்ணும் அமைக்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் தருவது பற்றியும் அரசுகள் கருத வேண்டும் என்று அது பணித்தது. ஆகவே நகரத்தில், மனிதர்கள் நிறைந்த இடத்தில், நம்பகமான நண்பர்கள் நாலு பேர் முன்னிலையில் 7-ஏ பிரிவின்படி திருமணத்தை முடியுங்கள். வயதுச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றின் மூலப்படிகள் உங்கள் கையில் இருக்கட்டும். மிரட்டல் இருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ, மாநகரமானால் காவல் ஆணையர் அலுவலகத்திலோ எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்குங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. பதிவையும் உடனே முடித்துவிடுங்கள். மணமக்களில் ஒருவர் வசிக்கும் பகுதியின் அலுவலகத்திலும் பதியலாம். மலை எங்கும் போய்விடாது. ஓராண்டு கழித்துப் போய் நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது நாங்கள்தான். இப்போது இருவரும் சேர்ந்துகொண்டு, பத்துப் பேர் போதும், மலையில் வைத்துக்கொள்வோம் என்கிறார்கள். இத்தனை வருடம் ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் மொய் எழுதிவிட்டு, நான் எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பது? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: உங்கள் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன், அம்மா. மொய் என்பது கடன் புத்தகம் மட்டுமன்று, நீங்கள் அவர்கள் வீட்டு வாசலில் நின்றீர்கள், அவர்களும் உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. பிள்ளைகள் பத்துப் பேர் என்று வரையறுக்கும்போது வெட்டப்படுவது உங்கள் உறவுகள்தான். அதை மகளிடம் கோபமில்லாமல் சொல்லுங்கள். நான் பார்த்தவரையில் நன்றாக நடந்தேறிய வழி, தாலி கட்டுவது மலையில், ஊர் திரும்பிய அடுத்த வாரம் வீட்டு மாடியிலோ சிறு கூடத்திலோ ஒரு வேளை விருந்து என்பதுதான். மேடையும் மெல்லிசையும் இல்லாமல் வாழையிலைச் சாப்பாடு மட்டும் போட்டாலே வந்தவர்களுக்கு மனம் நிறைந்துவிடும். மொய் எழுதுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், அதில் பிள்ளைகள் தலையிட வேண்டாம்.

கேள்வி: தனுஷ்கோடி கடற்கரையில் இரவு விளக்கலங்காரத்தோடு, ட்ரோன் படப்பிடிப்பும் வைத்துத் திருமணம் செய்ய ஆசை. (ஒரு வாசகர், சிவகங்கை)

பதில்: மூன்றையும் சேர்த்து நடத்த முடியாது. மாலைக்கு மேல் தனுஷ்கோடியில் பயணிகள் தங்க அனுமதியில்லை. அது 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊர். இலங்கையை நோக்கிய எல்லைக் கடல் என்பதால் பாதுகாப்புக் கண்காணிப்பும் உண்டு, ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் கடற்கரை வேறு எங்கானாலும், ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். குஞ்சுகள் பொரித்ததும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் இருக்கும் திசையைக் கண்டுகொள்ளும், உங்கள் அலங்கார விளக்கு அவற்றைச் சாலைப் பக்கம் திருப்பிவிடும். கிழக்குக் கடற்கரையைத் தேடிப் போகும் நீங்கள் ஏன் இரவைத் தேட வேண்டும்? கடலுக்குள்ளிருந்தே சூரியன் எழும் கரை அது.

கேள்வி: சின்னக் கேள்விதான். மலையில் நாத்தனார் கூட வராவிட்டால் இரண்டாவது, மூன்றாவது முடிச்சை யார் போடுவது? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: மூன்றையும் மாப்பிள்ளையே போடலாம், கூட வந்த தோழியும் போடலாம். சட்டம் முடிச்சுகளை எண்ணுவதில்லை. ஆனால் மலைக்காற்றில் விரல்கள் மரத்துப்போகும், மஞ்சள் பூசிய கயிறு ஈரத்தில் வழுக்கும், புடவைத் தலைப்பு முகத்தில் வந்து அடிக்கும். முந்தைய நாள் இரவே மாப்பிள்ளையை ஒரு சாதாரணக் கயிற்றில் பத்துத் தடவை முடிச்சுப் போட்டுப் பழகச் சொல்லுங்கள்.